பிரெஞ்சில் கேள்வி கேட்கப் பயப்படாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. விசா கிடைத்துவிட்டது, கோடை தொடங்கும்போது கனடாவுக்கு, மொன்றியலில் இருக்கும் மகளிடம் வந்துவிடுவாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் சுகம். பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் தினமும் நடக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பிரெஞ்சுப் புத்தகத்தில் கேள்வி கேட்கும் பாடத்தோடு நின்றுவிட்டதாக எழுதியிருந்தாய். வினைச்சொல்லை முன்னுக்கும் ஆளைக் குறிக்கும் சொல்லைப் பின்னுக்கும் மாற்றிப் போடும் முறையைத்தான் அந்தப் புத்தகம் முதலில் தருகிறது போல. 'தூ வியான்' என்றால் நீ வருகிறாய். அதைப் புரட்டி 'வியான்-தூ?' என்று கேட்பது. அரசாங்கக் கடிதங்களிலும் செய்திகளிலும் அதைப் பார்ப்பாய். வாசித்தால் விளங்கினால் போதும், பேசுவதற்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

பேச இரண்டு வழி இருக்கிறது. வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் குரலை உயர்த்து: 'தூ வியான்?' அவ்வளவுதான், கேள்வியாகிவிட்டது. இல்லையென்றால் முன்னால் 'எஸ்க' சேர்த்துக்கொள்: 'எஸ்க தூ வியான்?' எழுதும்போது அது மூன்று சொல், சொல்லும்போது ஒரே மூச்சு. நாங்கள் 'வருகிறாய்' என்பதன் முடிவில் 'ஆ' சேர்த்து 'வருகிறாயா' என்கிறோம். அவர்கள் அந்த வேலையை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு சொல்லும் இடம் மாறாது.

புரட்டிக் கேட்கும் முறையில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'இல் ஆ' என்றால் அவனிடம் இருக்கிறது. புரட்டினால் 'ஆ-இல்' என்று இரண்டு உயிர் மோதும். அதனால் நடுவில் ஒரு த் வந்து 'ஆ-தில்?' ஆகிறது. மணியும் அடித்ததும் சேரும்போது 'மணியடித்தது' என்று ய் வருகிறதே, பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று படித்தோமே, அந்த வேலைதான் இந்த த் செய்வதும். தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்பது உனக்கு இன்னும் சுலபமாக இருக்கும். 'நீ எங்கே இருக்கிறாய்?' என்றால் 'நான் நல்லூரில் இருக்கிறேன்' என்பாய். கேள்விச் சொல் இருந்த இடத்திலேயே பதிலும் வந்து உட்காருகிறது. பேச்சுப் பிரெஞ்சும் அப்படித்தான். 'தூ அபித் ஊ?', அதாவது நீ எங்கே வசிக்கிறாய் என்று கேட்டால், பதிலில் 'ஊ' இருந்த இடத்தில் ஊரின் பெயர் வரும். 'சா கூத் கொம்பியான்?' இது எவ்வளவு விலை. ஆங்கிலம் கேள்விச் சொல்லை எப்போதும் முன்னுக்கு இழுப்பதால், பிரெஞ்சிலும் அப்படியே செய்ய வேண்டுமென்று பலர் நினைத்துத் தடுமாறுகிறார்கள். நீ தமிழில் யோசித்துக் கேள். 'பூர்க்வா', அதாவது ஏன், அதை மட்டும் முன்னால் வைத்துப் பழகு. அதற்குக் கடைசி இடம் அவ்வளவாகப் பொருந்தாது.

இனி உன் புத்தகத்தில் இருக்காத ஒன்று. மொன்றியலில் பஸ்ஸில் ஏறினால் 'ஸே-தூ லுவான்?' என்று கேட்பார்கள். தூரமா என்று அர்த்தம். இந்தத் 'தூ' உன்னைக் குறிக்கும் 'தூ' இல்லை, வெறும் கேள்விக் குறி. 'இல் வியான்-தூ?' என்றால் அவன் வருகிறானா. 'தூ வியான்-தூ?' என்று இரண்டு தூ சேர்ந்தும் வரும். முதலாவது நீ, இரண்டாவது அப்படியே எங்கள் 'ஆ'. மொன்றியல் இருக்கும் இந்தக் கியூபெக் மாகாணத்தார் வாயில் அது 'த்ஸூ' என்று கேட்கும், திகைக்காதே. எழுத்தில் இதைப் போடமாட்டார்கள். ஆனால் தெருவிலும் வீட்டிலும் இதுதான் ஓடுகிறது. எங்கள் பாஷையைப் போல வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் கேள்வி இந்தக் குளிர் தேசத்திலும் இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

மரியாதையைப் பற்றி உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்பதைப் போல 'தூ', 'வூ'. தெரியாதவர்களிடம் 'வூ' என்றே தொடங்கு. இங்கே பிரான்ஸைவிடச் சீக்கிரம் 'தூ'வுக்கு இறங்கிவிடுவார்கள், அவர்கள் இறங்கட்டும். கடையோ பஸ்ஸோ, கேள்விக்கு முன்னால் 'போன்ஜூர்', அதாவது வணக்கம், கட்டாயம். அது இல்லாமல் எவ்வளவு சரியான இலக்கணத்தில் கேட்டாலும் முகம் சுருங்கும்.

அப்புறம், நீ கொஞ்சம் தயங்கினாலே இங்கே பலர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உதவி செய்யத்தான், ஆனால் அதோடு உன் பயிற்சி நின்றுவிடும். அதனால் இந்த ஒரு கேள்வியை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டு வா: 'எஸ்கோன் பூ கோன்தினுவே ஆன் ஃப்ரான்ஸே?' பிரெஞ்சிலேயே தொடரலாமா என்று அர்த்தம். கேட்டவுடன் எதிரே இருப்பவரின் குரலே மாறும், பொறுமையாகப் பேசுவார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு மருந்துக் கடையிலும் பேரனின் பள்ளிக்கூடத்திலும் பேச்சு வந்தது.

நீ தனியாகப் படிக்க வேண்டாம். தினமும் ஒரு கேள்வியை உன் குரலில் பதிந்து எனக்கு அனுப்பு, நான் பிரெஞ்சில் பதில் அனுப்புகிறேன். விமானத் திகதி முடிவானதும் எழுது. உன் அக்காவின் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று நீ சொல்லவே இல்லை, அதையும் எழுது.

அன்புடன்,
உன் தோழி