நம் குப்பையை அள்ளுகிறவர்களோடு ஒரு மதிய உணவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

நாள்: 13.10.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. தேர்ச்சி அறிக்கை பற்றி வகுப்பாசிரியர்கள் தனியே எழுதுவார்கள். இக்கடிதம், செப்டம்பர் முதல் வாரத்தில் நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மேற்கொண்ட ‘நம் குப்பை எங்கே போகிறது?’ என்னும் செயல்திட்டத்தைப் பற்றியது. அதைப் பாராட்டிச் சிலர் எழுதினீர்கள். மனம் வருந்திச் சிலர் தொலைபேசியில் பேசினீர்கள். மிகுந்த கோபத்துடன் ஓரிருவர் நேரிலேயே வந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்வதைவிட, எல்லோருக்கும் ஒரே பதிலை எழுத்தில் தருவதுதான் முறை என்று கருதுகிறேன்.

முதலில், நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். எந்த மாணவரும் குப்பையைக் கையால் தொடவில்லை; கூட்டவோ கழுவவோ யாரும் பணிக்கப்படவில்லை; குப்பைக் கிடங்குக்குள் எவரையும் நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. பள்ளிக் கழிவறைகளை மாணவர்களைக் கொண்டு கழுவ வைத்ததாக நம் மாநிலத்தில் அவ்வப்போது செய்தி வருகிறது. அப்படிப் பணிக்கப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்பதும் நமக்குத் தெரியும். அந்த அச்சத்தோடு என்னை அழைத்த பெற்றோரின் கேள்வி நியாயமானது. அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

இனி, நடந்தது இது. ஐந்து நாள்கள், பள்ளியில் சேர்ந்த குப்பையை நம் தூய்மைப் பணியாளர்கள் மூன்று கூடைகளாகப் பிரித்துத் தராசில் வைத்தார்கள். மாணவர்கள் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஞெகிழி உறைகள்தாம் மலைபோல் குவியும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். தராசை இறக்கியது சோறு: மதிய உணவுப் பாத்திரத்தில் மிஞ்சிய சோறும், ஒதுக்கிவைத்த காய்கறியும். ஈரமான அந்தச் சோறு காகிதத்தோடும் உறைகளோடும் கலந்துவிட்டால், விற்கக்கூடிய காகிதமும் வீணாகிறது, உரமாகக்கூடிய சோறும் வீணாகிறது. இரண்டும் சேர்ந்து கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. வடசென்னையில் வாழும் நமக்கு 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் அந்தக் கிடங்கைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. காற்று திரும்பும் மாலைகளில் அது தானே தன்னை அறிவித்துக்கொள்ளும். நகரம் முழுவதும் உண்கிறது, உடுத்துகிறது, கொண்டாடுகிறது; அதன் மிச்சம் மட்டும் ஏழைகள் குடியிருக்கும் திசைகளுக்கே ஏன் வந்து சேர்கிறது என்று ஒரு மாணவி தன் ஏட்டில் எழுதியிருந்தாள். அக்கேள்விக்கு மதிப்பெண் போட ஆசிரியருக்குத் தெரியவில்லை, என்னிடம் கொண்டுவந்தார்.

ஐந்தாம் நாள், நம் தெருக்களில் குப்பை சேகரிக்கும் தூய்மைப் பணியாளர்கள் சிலரை வகுப்புக்கு அழைத்தோம். ஆகஸ்ட் மாதம் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் சட்ட நியாயங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால், அந்த நாள்களில் தெருமுனையில் குப்பை தேங்கியபோது எரிச்சல்பட்ட நம்மில் எத்தனை பேருக்கு நம் தெருவுக்கு வரும் பணியாளரின் பெயர் தெரியும் என்று மாணவர்களைக் கேட்டேன். எழுந்த கைகள் மிகச் சில.

வந்த பணியாளர்களிடம் மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். மக்கும் குப்பையை ஏன் தனியே தர வேண்டும் என்ற கேள்விக்கு அறிவியல் பாடத்தில் உள்ள விடையை எதிர்பார்த்திருந்தோம். அவர்களில் ஒரு அம்மா தம் உள்ளங்கையைக் காட்டினார். உடைந்த கண்ணாடித் தம்ளரை யாரோ ஒரு வீட்டார் சாம்பார் சாதத்தோடு சேர்த்துப் பையில் முடிந்து போட்டதால் வந்த தழும்பு அது. பயன்படுத்திய நாப்கினைப் பிரித்தெடுக்க நேரும் காலை வேளைக்குப் பிறகு தம்மால் தேநீர்கூடக் குடிக்க முடிவதில்லை என்று இன்னொருவர் சொன்னார். திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016, வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று கூறின. நாப்கின் போன்றவற்றைத் தனியே பொதிந்து தர வேண்டும் என்றும் கூறின. விதி வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் நாம் பிரிக்காமல் விட்டதை யாரோ ஒருவர் தம் விரல்களால் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு மதிய உணவு. பணியாளர்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் நானும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே வகைத் தட்டில் உண்டோம். எனக்கு வந்த அழைப்புகளில் கோபமானவை பெரும்பாலும் இதைப் பற்றியவைதாம். “பாடம் நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளை அவர்களோடு உட்கார வைத்திருக்க வேண்டியதில்லை” என்று ஒரு பெற்றோர் சொன்னார். சுகாதாரத்துக்காகச் சொல்வதாகவும் விளக்கினார். பணியாளர்கள் குளித்து, விழாவுக்கு வருவதுபோல் உடுத்தி வந்திருந்தார்கள். நான் காலையிலிருந்து சுண்ணக்கட்டித் தூளோடு இருந்தேன். ஆகவே அது சுகாதாரக் கவலை இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பு ஒழித்துவிட்டது. இப்பள்ளியின் வளாகத்துக்குள் அதற்கு வேறு பெயர் சூட்டியும் இடம் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பெற்றோரின் கருத்தைக் கேட்டு முடிவை மாற்றிக்கொள்ள இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த வாரத்தை நாங்கள் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை செப்டம்பர் 1ஆம் நாள் முதல் அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’ என்று பிற கிறிஸ்தவச் சபைகளோடு சேர்ந்து கடைப்பிடிக்கிறது. இவ்வாண்டுக்கான கருப்பொருள் ‘படைப்போடு அமைதி’. அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட, விவிலியத்தில் உள்ள எசாயா இறைவாக்கினர் நூலின் 32ஆம் அதிகாரத்தில், பாழான நகரமும் காடான நிலமும் மீண்டும் செழிக்கும் காட்சி வருகிறது. ஆனால் அங்கே அமைதி என்பது மழையைப்போல் தானாக இறங்குவதில்லை, நீதியின் விளைச்சலாக வருகிறது. இதைப் படித்துவிட்டு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. (சென்ற ஆண்டு அதைத்தான் செய்தோம். நட்ட கன்றுகளில் பலவற்றுக்குக் கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.)

மறைந்த திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை, அதாவது எல்லோருக்குமான பொதுக் கடிதத்தை, எழுதினார். 246 பத்திகள் கொண்ட அம்மடல் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. சுற்றுச்சூழலுக்கு ஒரு நெருக்கடி, சமூகத்துக்கு வேறொரு நெருக்கடி என்று இரண்டு இல்லை, இருப்பது ஒன்றே என்கிறது. அதன் 211ஆவது பத்தியில், உலகப் பெரும் பிரச்சினைகளுக்கு நடுவே, குப்பையைப் பிரித்து வைப்பதும் உண்ணும் அளவுக்கு மட்டும் சமைப்பதும் குறிப்பிடப்படுகின்றன. ஒரு திருத்தந்தை குப்பைக் கூடையைப் பற்றி எழுதுவார் என்று நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் என் 27 ஆண்டு ஆசிரியப் பணியில் நீதியைப் பற்றிய பாடத்தைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதும் இல்லை. பெல்ஜிய நாட்டுக் குருவான கார்டைன், ஆலைகளில் உழைத்த இளைஞர்களிடையே ‘பார், ஆராய், செயல்படு’ என்ற முறையைப் பரப்பினார். 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் செயல்திட்டம் அந்த முறையில் அமைந்ததுதான். எடை போட்டது பார்ப்பது. பணியாளர்களிடம் கேட்டது ஆராய்வது. மூன்றாவதுதான் கடினம், அதில் முதலில் மாட்டிக்கொண்டது நாங்களே.

அதை மறைக்காமல் சொல்கிறேன். வகுப்பு முடியும் வேளையில் ஒரு மாணவன் எழுந்து, “நம்ம பள்ளிக்கூடத்தைக் கூட்டுற அக்காங்களுக்குக் கையுறை இருக்கா சார்?” என்று கேட்டான். இல்லை. அவர்கள் ஒரு ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு மாதம் எவ்வளவு கையில் கிடைக்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. விசாரித்தபோது, நாம் ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பதற்கும் அவர்கள் பெறுவதற்கும் இடையே நான் வெட்கப்படும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. அவர்கள் தேநீர் குடிக்கும் தம்ளர்கள் ஆசிரியர் அறைத் தம்ளர்களோடு சேராமல் சன்னலுக்கு வெளியே தனியே கவிழ்ந்திருந்ததையும் அன்றுதான் கவனித்தேன். யாரும் அப்படி ஒரு விதி போடவில்லை. யாரும் மாற்றவும் இல்லை. உழைப்பாளிக்கு நியாயமான ஊதியம் உரிமை என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே எழுதினார். கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அதற்கும் நெடுங்காலம் முன்பே விவிலியத்தில் உள்ள யாக்கோபின் திருமுகம் (கடிதம்) எழுதியது. அந்த வாசகத்தைத் திருப்பலியில் நானே பலமுறை வாசித்திருக்கிறேன்.

பள்ளி நிர்வாகம் இதை விவாதித்து, அக்டோபர் மாதச் சம்பளம் முதல் நான்கு பணியாளர்களையும் நேரடியாகப் பணியமர்த்தி, ஊதியத்தை வங்கிக் கணக்கில் செலுத்த முடிவு செய்திருக்கிறது. கையுறை, காலணி, ஓய்வெடுக்க ஓர் அறை ஆகியவை ஏற்பாடாகிவிட்டன. ஆண்டு விழாவின் ஃபிளெக்ஸ் பலகைகளுக்கும் மாலை, பொன்னாடைகளுக்கும் ஒதுக்கியிருந்த தொகை இதற்கு மாற்றப்படுகிறது. கட்டணம் எதுவும் உயராது.

இந்து, இசுலாமியப் பெற்றோர் சிலர், இது சமயப் போதனையா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 28ஆவது உறுப்பு சொல்கிறது. செப்டம்பர் 1ஆம் நாள் இறைவேண்டலில் விரும்பியவர்கள் மட்டுமே கலந்துகொண்டார்கள். குப்பை பற்றிய பாடத்தில் எல்லோரும் கலந்துகொண்டார்கள். எங்களுடைய உந்துதல் எங்கிருந்து வருகிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது என்பதால்தான் மேலே அதை எழுதினேன். கிறிஸ்தவர்கள் என்ற பெருமையோடு எழுதவில்லை. தலித் மக்களைத் தனியே புதைக்கக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பிய ஊர்கள் இதே தமிழ்நாட்டில் உண்டு.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டுவது அதிகமில்லை. பிள்ளை உண்ணும் அளவுக்குச் சோறு கட்டிக் கொடுங்கள். போதவில்லை என்றால் அவர்களே கேட்பார்கள். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே எழுதித் தாருங்கள். நாப்கினைப் பொதிந்து தனியே கொடுங்கள். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் உறைகளை அனுப்புவதற்குப் பதில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ அனுப்பலாம்.

வரும் 20ஆம் நாள் தீபாவளி. மறுநாள் விடியற்காலையில் சென்னையின் தெருக்களில் என்ன கிடக்கும், அதை யார் அள்ளுவார் என்பது நமக்குத் தெரியும். வெடிக்காத பட்டாசும் கந்தகத் தூளும் கலந்த அக்குப்பையை அவரவர் வீட்டு வாசலில் அவரவரே கூட்டி, ஒரு தனிச் சாக்கில் வைத்துத் தர முடியும். மற்றக் குப்பையோடு அதைக் கலக்க வேண்டாம். இதைத் தீபாவளிக்கு மட்டும் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் பள்ளியில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலில் இவ்வாண்டு தெர்மாகோல் இருக்காது. வைக்கோலும் களிமண்ணும் பழைய சாக்கும் போதும் என்று குடில் குழுவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னோடு பேசுவதைத் தற்போது குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

25ஆம் நாள் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடைபெறும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் எடைக் குறிப்பேட்டை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். பள்ளியின் நான்கு தூய்மைப் பணியாளர்களும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் எவர்சில்வர் தம்ளரில் தேநீர் தரப்படும். வர இயலுமா என்பதைக் கீழுள்ள சீட்டில் குறித்து, 17ஆம் நாள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சீட்டின் பின்பக்கத்தில் எழுதலாம். கையெழுத்திட்டு எழுதினால் நான் பதில் எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்