அடுப்படியில் நடந்ததையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் பற்றி உங்கள் இதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறேன். எந்த முகாம் எப்போது விழுந்தது, எந்தப் பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது என்றெல்லாம் விரிவாக வருகிறது. ஆனால் அந்த வருடங்களில் வீட்டுக்குள் எப்படி உலை வைத்தார்கள், பிள்ளைகளை எப்படிப் படிப்பித்தார்கள் என்று ஒருவரும் எழுதக் காணவில்லை.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு. மின்சாரம் போனது போனதுதான். மண்ணெண்ணெய், பற்றரி, சிமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் அரசின் தடை. இரவுக்கு எங்கள் வீட்டில் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் திரியைக் கோத்து, கம்பியில் கொழுவி உள்ளே இறக்கிவிடுவார் அம்மா. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் கனக்கக் குடிக்காது. அதைச் சுற்றிக் கொப்பிகளை விரித்துவைத்துப் படிப்போம். கூடக் குனிந்தால் முன்மயிர் கருகும். பொம்பர், அதாவது குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டால் முதலில் விளக்கை ஊத வேண்டும், அப்புறம்தான் பங்கருக்கு, வீட்டுப் பதுங்குகுழிக்கு, ஓட்டம்.

பங்கரை வெட்டிப் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது அப்பாவும் மாமாவும். அதை எல்லாரும் சொல்வார்கள். மாரியில் அதற்குள் நிற்கும் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றி, பாம்பு கிடக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்த்து எங்களை இறக்கியது அம்மம்மா. சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனங்காய் பிசைந்து எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்த்ததும் அவர்தான். சீனிக்குப் பதில் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, அதைக் கடித்தபடி வெறும் தேத்தண்ணீர். இரவில் அண்ணா சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றுவார். டைனமோவின் தயவில் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்கும். அவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதியே மழையில் நனைந்துகொண்டு கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தது. அன்று அம்மா எடுத்துக்கொண்டது எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும், அரிசியும், ஒரு பானையும். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் சில நிமிடங்களில் முடிவெடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் ‘கஷ்டப்பட்டோம்’ என்று ஒரு வரியில் முடிப்பது எனக்கு ஒப்பில்லை. ஒரு போத்தல் எண்ணெயை எத்தனை இரவுக்கு இழுப்பது என்று கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்.

அம்மம்மா இப்போது இல்லை. அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறைப் பெண்கள் இருக்கும்போதே மாதம் ஒரு பக்கமாவது அவர்களுக்கு ஒதுக்குங்கள். எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். பங்கருக்குள் கைக்குழந்தையின் அழுகையை எப்படி அடக்கினார்கள், காய்ச்சலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் வரட்டும். சின்ன விஷயம் என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். சரி என்றால் முதல் பக்கத்துக்கு அம்மாவிடம் கேட்டு நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொக்குவில்.