சின்னவனுக்குப் புத்தகம் வாங்குமுன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. தலவாக்கலையில் பத்து நாளாக மழை, எதிர்மலை கண்ணில் படவில்லை. கொழும்பில் செப்டெம்பர்ப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறேன், சின்னவனுக்கு என்ன வாங்கட்டும் என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறக்குமுன் சிக்னல் போய்விட்டது. எழுதி அனுப்பினால் பண்டாரநாயக்க மண்டபத்துக்குக் கையோடு கொண்டுபோவாய் என்று உட்கார்ந்தேன்.

அஞ்சாம் வகுப்போடு கூடை தூக்கியவளுக்குப் புத்தகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று மாப்பிள்ளை சிரிக்கலாம். தேயிலை மலையில் 12 வருசம், பிள்ளைக்காம்பராவில் 18 வருசம். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தொட்டில் ஆட்டியவள் நான். எந்தக் கதைக்குப் பிள்ளை சோற்றை மறந்து கேட்கும், எந்தக் கதைக்கு எழுந்து ஓடும் என்று அங்கே பார்த்தாச்சு.

ஓகஸ்ட் லீவுக்கு வந்தபோது அவன் பையில் பளபளவென்று ஆறு புத்தகம் வைத்திருந்தாய். ஐந்தை ஒருதரம் புரட்டியதோடு சரி. ஒவ்வொரு கதை முடிவிலும் ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கதை முழுக்க நரியோடு ஓடிவந்த பிள்ளையைக் கடைசி வரியில் காதைப் பிடித்துத் திருகினால் மறுபடி அந்தப் பக்கம் வருவானா? ஆறாவது, யானை சேற்றில் வழுக்கி விழுகிற புத்தகம். அதை ராத்திரிக்கு மூன்று தரம் வாசிக்கச் சொன்னான். நான் ஒரு வரியைத் தாண்டினால் கையில் தட்டினான். நாலாம் நாள் ‘தொபுக்’ என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டினான். அந்த எழுத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் அலுத்துக்கொள்ளாதே.

வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார். கூச்சப்படாதே. உன் நாக்கு இடறினால் வைத்துவிடு. வீட்டில் ‘வந்திச்சி’ என்கிறோம், புத்தகத்தில் ‘வந்தது’ என்றிருக்கும். அது கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். ‘எடுத்துக்கொண்டிருந்தபொழுது’ என்று ஒரே சொல் வரியில் பாதியைப் பிடித்து, மிச்சம் அடுத்த வரியில் உடைந்து கிடந்தால் அஞ்சு வயதுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். எழுத்து பெரிதாக, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, பாதிக் கதையைப் படமே சொல்ல வேண்டும். இந்தியாவில் அச்சானதென்று ஒதுக்காதே. ‘பிரெட்’ என்று வந்தால் ‘பாண்’ என்று வாசித்துவிட்டுப் போ, யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

சிபில் வெத்தசிங்க என்ற சிங்கள அம்மா எழுதிப் படமும் வரைந்த குடைக் கதை கிடைத்தால் விடாதே. 92 வயதில், 2020-ல்தான் அவர் போய்ச்சேர்ந்தார். குடையே இல்லாத கிராமத்து மாமா ஒருவர் டவுனில் குடை வாங்கி வருவார். கோப்பி குடிக்கக் கடைக்குள் போய்த் திரும்புவதற்குள் குடை காணாமல் போகும். எடுத்தது யார் என்று எழுதமாட்டேன், நீயும் வாசித்துத் தெரிந்துகொள். ஸ்டோர் லொறி டிரைவர் சிங்களத்தில் சொல்லக் கேட்டு, பிள்ளைக்காம்பராவில் நான் நூறு தரம் சொன்ன கதை. தலையில் கம்பளியோடு நனைந்து வருகிற தாய்மாரும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார்கள்.

நம்ம மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை சேர்த்துவைத்த மலைநாட்டுப் பாட்டுகளைக் கண்டால் அது உனக்கு. அதிலிருக்கிற கஷ்டம் அவனுக்கு இப்போது வேண்டாம்.

காசு மட்டாக இருந்தால் ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம் இருக்கிறதாம். இந்தியாவில் பிரதம் புக்ஸ்காரர்கள் 2015-ல் தொடங்கியது. தமிழ்க் கதைகளை லேசானதிலிருந்து கஷ்டமானது வரை நான்கு படியாகப் பிரித்து இலவசமாகத் தருகிறார்கள். கடைசிக் காம்பராத் தம்பி காட்டினான். போனில் வாசித்தாலும் அவனை மடியில் வைத்துக்கொண்டு வாசி.

உனக்கு நாங்கள் ஒரு புத்தகம் வாங்கித் தந்ததில்லை. லயத்துக் காம்பராவில் குளிர் வராமல் சுவரில் ஒட்டிய வீரகேசரித் தாளைத்தான் படித்தாய். அப்பா ஒரு தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார், நீ கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப்போட்டு அதையும் படித்தாய். எலி கடித்துப் பாதியில் போன ஒரு தொடர்கதைக்கு நீயே மிச்சம் கட்டி மூன்று நாள் சொன்னாய். உன் பள்ளிக்கூடத்தில் புத்தக அலுமாரி இருந்தது, பூட்டும் இருந்தது, சாவியை யாரும் கண்டதில்லை. இப்போது நீயும், கிழித்துவிடுவான் என்று அவன் புத்தகங்களை மேல்தட்டில் அடுக்கியிருக்கிறாய். போன தைப்பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். கீழே இறக்கு. கிழிந்தால் பசை இருக்கிறது.

சோமசுந்தரப் புலவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினாரே, அதை அவனுக்குப் பாடிக்காட்டி, அப்பாவின் லீக்ஸ் பாத்தியில் நிற்கிற பொம்மையிடம் கூட்டிப்போனேன். மறுநாள் தன் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டான். தொப்பி எங்கே என்று நீ சத்தம் போட்டாயாம். இங்கேதான் நனைந்துகொண்டு நிற்கிறது, அவன் வந்துதான் எடுக்க வேண்டுமாம்.

டிசம்பர் லீவுக்கு அனுப்பும்போது அந்த யானைப் புத்தகத்தை மறக்காமல் வை. எனக்குப் பாதிதான் பாடம்.

அம்மா