மேல்மண்ணை நம்பிப் பாய்ச்சுகிறோம்

ஐயா,

மின்சாரம் வந்தால் மோட்டாரைப் போடுவது, வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்தால் வயல் நிறையக் கட்டுவது: எங்கள் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் பாசனத்தை முடிவு செய்வது இவைதான், மண் அல்ல. நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் பாய்ச்சினேன். மேல்மண் வெளுத்துக் காய்ந்திருக்கும். அரை அடி தோண்டி ஒரு பிடி எடுத்தால் உருண்டையாகப் பிடிபடும். வேர் குடிப்பது அந்த ஆழத்து ஈரத்தைத்தானே!

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இதற்கென்றே ஓர் எளிய கருவியை உருவாக்கியிருக்கிறது. அதன் இரண்டு கம்பிகளை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம், பச்சை என்றால் போதுமானது, ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்தறியாதவருக்கும் இது புரியும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. அருமையான திட்டம். ஆனால் குழாய் பதித்த பிறகும், எத்தனை மணி நேரம் திறந்துவிடுவது என்பதை ஊகித்தே செய்கிறோம். ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் இந்தக் கருவிகளில் நான்கைந்தை வைத்து, கேட்கும் விவசாயிகளுக்கு இரவலாகத் தர வேண்டும். கிணறுகள் வற்றத் தொடங்கும் பங்குனிக்கு முன்பே வேளாண் துறை இதைச் செய்ய வேண்டுகிறேன்.

கரும்பு விவசாயி,
சத்தியமங்கலம்