தங்கம் விலை தினம் போடுறீங்க, எம்சாண்ட் விலையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகர்லருந்து எழுதுறேன். டிசம்பர் வந்தாலே வர்ற வருஷம் வீட்டுல என்னென்ன வேலை பாக்கணும்னு எங்க தெருவுல பேச்சு ஆரம்பிச்சிடும், போகிக்கு முன்னாடி வெள்ளையடிக்கணும், ஹாலுக்கு டைல்ஸ் மாத்தணும், கிச்சன்ல கப்போர்ட் போடணும்னு. மொட்டை மாடியைப் பத்தி மட்டும் யாரும் பேசமாட்டாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், அதுல பட்ட கஷ்டத்தை மத்தவங்களும் படக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

எங்க வீடு 2001ல கட்டுனது, 900 சதுர அடி. 2022ல பொண்ணு நிச்சயதார்த்தத்துக்காக உள்ள வெளிய எல்லாம் பெயிண்ட் அடிச்சோம், 85,000 ரூபா ஆச்சு. அப்பவே ஹால் சீலிங் ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் இருந்துச்சு. மேஸ்திரி மாடிக்குப் போய் பாத்துட்டு வந்து, அம்மா மாடியில பதிச்ச தட்டை ஓட்டு (தட்டோடு) ஜாயிண்ட் எல்லாம் விட்டுப்போச்சு, கைப்பிடிச் சுவர் ஓரத்துல அரசங்கன்னு வேற வேர் விட்டிருக்கு, ஒரு 60,000 ஆகும், முதல்ல அதை முடிச்சிட்டு பெயிண்டுக்குப் போலாம்னாரு. வர்றவங்க மாடியவா பாக்கப் போறாங்கன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். அந்த ஐப்பசி மழையிலயே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி உரிஞ்சு வந்துடுச்சு. அப்புறம் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப விடிய விடிய சீலிங்லருந்து சொட்டுச்சு, பத்து நாள் கழிச்சு மத்தியானம் பூச்சு பெரிய பத்தையா பேந்து விழுந்துச்சு, அத்தை அப்பதான் அந்த இடத்தை விட்டு எந்திரிச்சுப் போயிருந்தாங்க. மேல பாத்தா கம்பி எல்லாம் துரு. தண்ணி இறங்கி கம்பி துருப்பிடிச்சா அது பருத்து சுத்தி இருக்கற கான்கிரீட்டைத் தள்ளி வெளிய விட்டுடுமாம், எங்களுக்கு கடல் காத்து உப்பு வேற. கம்பியைச் சுத்தம் பண்ணி மருந்தடிச்சு, சீலிங் பூசி, மேல பழைய தட்டோட்டைப் பேத்து புதுசா தளம் போட்டு முடிக்க 2,10,000 ஆச்சு. ரெண்டு வளையலை பேங்க்ல வச்சோம், இன்னும் திருப்பல.

எங்க அத்தை பண்ருட்டி பக்கம் நாட்டு ஓட்டு வீட்டுல வாழ்ந்தவங்க. சித்திரையில முந்திரிக்கொட்டை வித்த காசு கைக்கு வந்ததும் மாமனார் ஓடு மாத்தறதுக்குன்னு முதல்ல எடுத்து வச்சிடுவாராம், துணிமணி நல்லது கெட்டது எல்லாம் அதுக்கப்புறம்தான், ஆனி பொறக்கறதுக்குள்ள கூரை வேலை முடிஞ்சிருக்கும். தளம் போட்ட வீட்டுக்கு வந்ததும் கூரைக்குன்னு தனியா காசு வைக்கற பழக்கமே நம்மகிட்ட போயிடுச்சு.

இப்ப மழை இருக்கும்போதே வீட்டைச் சுத்திப் பாருங்க. ஓதம் எங்க எங்க தெரியுதோ அதைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதுங்க, போன்ல போட்டோ எடுத்து வைங்க, அடுத்த மழைக்குக் கோட்டைத் தாண்டுச்சான்னு தெரிஞ்சிடும். கீழ சொட்டற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைக்காதீங்க, தண்ணி தளத்துக்குள்ளயே ஓடி வேற இடத்துல இறங்கும், அதனால மாடித் தண்ணி போற குழாய் வாய், கைப்பிடிச் சுவர் அடி, டேங்க் அடி எல்லாம் பாக்கணும். சுவர் காயறதுக்குத் தை மாசம் ஆயிடும். மாசி பங்குனியில மாடி வேலை, அதுக்கப்புறம் பாத்ரூம் குழாய் கசிவு, கரண்ட் வயர், கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற ஈஎல்சிபி சுவிட்ச், எல்லாம் முடிஞ்சு ஒரு மழையும் பாத்துட்டு கடைசியா பெயிண்ட், இப்படித்தான் நான் இப்ப நோட்டுல எழுதி வச்சிருக்கேன். கத்திரி வெயில் வரைக்கும் தள்ளிப்போட்டா பூச்சுக்குத் தண்ணி காட்டி முடியாது, ஈரச்சாக்கு போட்டாலும் ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். புரட்டாசியில கூப்பிட்டா கொத்தனாரே கிடைக்கமாட்டாரு, தீபாவளிக்கு முன்னாடி எல்லாரும் அவரைத்தான் தேடுவாங்க.

பணத்தை வேலை வேலையா பிரிச்சுக் கொடுங்க, மொத்தமா அட்வான்ஸ் கொடுத்துட்டு எங்க பக்கத்து வீட்டுல நாலு மாசம் ஆள் வராம கிடந்தாங்க. போட்ட கணக்குக்கு மேல பத்துல ஒரு பங்காவது தனியா வைங்க, பேத்துப் பாத்தாதான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும்.

இப்ப கோரிக்கை. நீங்க தங்கம் விலையை தினமும் போடுறீங்க, காய்கறி விலையும் போடுறீங்க. அது மாதிரி வாரத்துல ஒரு நாள் மாவட்டவாரியா சிமெண்ட் மூட்டை, எம்சாண்ட் (கல்லை உடைச்சு செய்யற மணல்), செங்கல், கம்பி விலையும், கொத்தனார் சித்தாள் கூலியும் போட்டா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பெரிய உதவி. 2025 செப்டம்பர் 22லருந்து சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துலருந்து 18 ஆச்சு, சரி, ஆனா எங்க ஊர் கடையில மூட்டை இப்ப என்ன விலை இருக்கணும்னு எங்களுக்கு யார் சொல்றது? எம்சாண்ட் ஒரு யூனிட்னா 100 கன அடி, அதுவே நிறைய பேருக்குத் தெரியாது, வண்டியில வந்ததை அப்படியே கொட்டச் சொல்லிடறோம். பொதுப்பணித்துறை வருஷா வருஷம் விலைப்பட்டியல் போடுது, அது கான்ட்ராக்டருங்க கையில இருக்கு, வீட்டு நோட்டுல கணக்கு எழுதற பொம்பளைங்க கைக்கு வர்றதில்ல. பேப்பர்ல வந்தா அதைக் கத்தரிச்சு வச்சுக்கிட்டு மேஸ்திரிகிட்ட உக்காந்து பேசலாம்.

பொங்கலுக்குள்ள ஆரம்பிச்சீங்கன்னா இந்த வருஷ வேலைக்கே உதவும் ஐயா.

இப்படிக்கு,
வாசகி, கடலூர் முதுநகர்