ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளில் ஒரு சுற்று

ஆர்லிங்டன், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 26

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. போனில் நான் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை, பாப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பேசாமல் கடிதமே போடு என்று எழுதியிருந்தீர்கள். ஊரார் கடிதத்தையெல்லாம் சுமந்தவனுக்குச் சொந்தப் பிள்ளையிடமிருந்து ஒன்று வரக்கூடாதா என்று கடைசியில் ஒரு குத்து வேறு. அம்மா ஓரத்தில் நெருக்கி எழுதியதையும் படித்தேன். மப்ளர் இருக்கிறது அம்மா. சாப்பிடுகிறேன்.

சைக்கிள் வாங்கியிருக்கிறாயாமே, என்ன சைக்கிள், எங்கே ஓட்டுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பழையதுதான் வாங்கினேன். கேட்டால் திட்டுவீர்கள்: ஸ்டாண்ட் கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் நான் தனியாக வாங்கி மாட்டியது. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பாகக் கீழே வளைந்திருக்கும். டயர் அகலம் 25 மில்லிமீட்டர்தான், அதில் 90 பவுண்டு காற்று. பஞ்சர் ஆனால் தெருமுனையில் உட்கார்ந்து ஒட்டித் தர ஆள் இல்லை, ட்யூபும் நெம்புகோலும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். காரைக் கொடுத்துவிட்டேன். பார்க்கிங் பெரிய தொல்லை, இன்ஷூரன்ஸ் வேறு தண்டம், உடம்புக்கும் இதுதான் நல்லது. பாப்பாவிடம் இதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம், அவள் உடனே மாப்பிள்ளையிடம் சொல்லி அவர் எனக்கு மெசேஜ் போடுவார்.

தபால் கொடுக்க உங்களுக்கு பீட் என்று தினசரி ஒரு வழி இருந்தது, எனக்கும் இப்போது ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் செவ்வாய், வியாழன் கிளம்புகிறேன், வார நாளில் கூட்டம் இருக்காது. மொத்தம் 50 கிலோமீட்டர் வரும். மலை என்று எதுவும் இல்லை, ஆனால் சின்னச் சின்ன ஏற்றம் வந்துகொண்டே இருக்கும், கடற்கரைச் சாலையில் ஓட்டிய காலுக்கு ஆரம்பத்தில் அது போதும் போதும் என்றிருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் பாதை தொடங்கிவிடுகிறது. 1846ல் லெக்சிங்டனுக்குப் போட்ட ரயில் பாதை, ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் தெரியாமல் ஏறும். பின்னால் வேகமாக வருகிறவர்கள் "இடப்பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத் தாண்டுவார்கள், நான் "தேங்க்ஸ்" என்பேன். சில நாள் வீட்டுக்கு வந்து யோசித்தால் அன்றைக்கு என்னோடு பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

லெக்சிங்டனில் ஊர் நடுவில் முக்கோணமாக ஒரு புல்வெளி. 1775 ஏப்ரல் 19 விடியற்காலை பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏறக்குறைய 700 பேர் வந்தபோது, எதிரே நின்றது இந்த ஊர் விவசாயிகள் எழுபது எண்பது பேர். எட்டுப் பேர் செத்தார்கள், அமெரிக்க விடுதலைப் போர் அங்கேதான் ஆரம்பம். இப்போது அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகின்றன. ஏப்ரல் மூன்றாவது திங்கள் இந்த மாநிலத்தில் அதற்காகவே விடுமுறை, அன்று சூரியன் உதிக்கும் நேரத்தில் அந்தச் சண்டையை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள்.

கீழ் வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பே சொன்னேனே, பேஸ்மென்டில் துப்பாக்கி துடைக்கிறவர், அம்மா பயந்தாளே, அவர் அதில் பிரிட்டிஷ் சிப்பாய். சிவப்புக் கம்பளிக் கோட்டு, வெள்ளைக் குறுக்கு வார், எல்லாம் கையால் தைத்தது. இந்த ஊர்க்காரராய்ப் பிறந்துவிட்டு எதிரி வேஷம் ஏன் என்று கேட்டேன். உள்ளூர்ப் படையில் சேர்ந்தால் சாக வேண்டும், ஈரப் புல்லில் அரை மணி படுத்துக் கிடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, சிவப்புக் கோட்டுக்கு நின்றால் போதும் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். காற்றடிக்கும் பம்பு அவருடையது. போன வாரம் கறுப்புத் திராட்சை ஒரு பை நிறையக் கொடுத்தார், பக்கத்து கான்கார்டில் 1849ல் ஒருவர் தன் தோட்டத்தில் உண்டாக்கிய ரகம், அந்த ஊர் பெயரே அதற்கு. பார்க்க நம் பன்னீர் திராட்சைதான். தோல் தனியாகக் கழன்று வரும், உள்ளே கொட்டை, வாயெல்லாம் வாசனை. பதிலுக்குப் புளிக்காய்ச்சல் கொடுத்தேன். அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்.

பாதை பெட்ஃபோர்டில் முடிந்துவிடும், அங்கே பழைய ரயில் பெட்டி ஒன்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் கார் ரோடு. வலது ஓரமாகப் போக வேண்டும், இன்னும் ஒவ்வொரு திருப்பத்திலும் என் தலை தப்பான பக்கம்தான் திரும்புகிறது. கான்கார்டில் ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம், நார்த் பிரிட்ஜ். அதே ஏப்ரல் 19 காலை இந்த ஊர்க்காரர்கள் சிப்பாய்களைத் திருப்பிச் சுட்ட இடம். அங்கே உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பேன், புளிசாதம், அல்லது தயிர்சாதமும் ஊறுகாயும். வெளியில் சாப்பிட்டால் எண்ணெய் அதிகம், அதனால் கையில் கொண்டுபோய்விடுகிறேன். இலையெல்லாம் இந்த மாதம் குங்கும நிறம், ஆற்றில் விழுந்து மெதுவாகப் போகும். படம் பாப்பா போனில் இருக்கிறது, பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பாலத்துப் பக்கத்தில் ஒரு கல்சுவர், அதன் அடியில் அன்று செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களைப் புதைத்திருக்கிறது. கல்லில் பெயர் இல்லை. பின்னால் வந்த அமெரிக்கக் கவிஞர் ஒருவருடைய வரி இருக்கிறது, மூவாயிரம் மைல் தாண்டி வந்து செத்தார்கள் என்று. முதல் தடவை அதைப் படித்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அவர்களுக்கு மூவாயிரம், நமக்கு அதற்கு மேல் எவ்வளவோ. சரி, அதை விடுங்கள்.

அப்புறம் வால்டன் குளம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். ஹென்றி தோரோ என்பவர் 1845லிருந்து இரண்டு வருஷம் தனியாகக் குடிசை கட்டி இருந்த இடம். வரி கட்ட மாட்டேன் என்று ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்து, பிறகு அதைப் பற்றி எழுதி, காந்தி அதைப் படித்தாரே, அவர்தான். குடிசை பத்து அடிக்குப் பதினைந்து அடி, அதே அளவில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நின்று பார்த்தேன், என் இப்போதைய அறையைவிடப் பெரிது. (கோடையில் அறை மாற்றிக்கொண்டேன். சின்ன அறை சீக்கிரம் சூடாகும்.) 1846-47 குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து தினமும் நூறு ஐரிஷ்காரர்கள் வந்து அந்தக் குளத்து ஐஸைக் கட்டி கட்டியாக அறுத்து அடுக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வேகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். எந்த மெட்ராஸ் அப்பா? நம் ஐஸ் ஹவுஸ்! பாஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டூடர் இந்தப் பக்கத்துக் குளங்களில் அறுத்து, மரத்தூள் போட்டு மூடிக் கப்பலில் அனுப்பியதை இறக்கி வைக்கத்தானே அந்தக் கட்டிடமே 1842 வாக்கில் எழும்பியது. மெட்ராஸிலேயே மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது, 1897ல் அங்கே விவேகானந்தர் தங்கிய கதை உங்களுக்கே தெரியும். ஆனால் தோரோ பார்த்த அந்த அடுக்கில் பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லையாம், வைக்கோல் போர்த்திய குவியலாகக் கிடந்து 1848 செப்டம்பரில்தான் கடைசித் துண்டு உருகி, குளத்துக்கே திரும்பிப் போயிற்று. என் வீட்டுக்குப் பக்கத்து ஸ்பை பாண்ட் குளத்திலும் இதே ஐஸ் வேலைதான் பெரிதாக நடந்தது, பாதை அதன் கரையை ஒட்டியே போகிறது.

உங்கள் சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து, ஐஸ் ஹவுஸ் தாண்டி பீச்சுக்குக் கூட்டிப் போவீர்களே, கால் மரத்துப் போகும், சொன்னால் இறக்கிவிடுவீர்கள் என்று சொல்ல மாட்டேன். வால்டன் கரையில் பனியன் நனைந்து உட்கார்ந்திருந்தபோது அந்தக் காக்கிச் சட்டை வாசனை எங்கிருந்தோ வந்தது. ரத்னா கபே சாம்பாரில் மூழ்கிய இட்லிக்காக இப்போதே கிளம்பலாம் போலிருந்தது. டிசம்பரில் வருவதாகச் சொன்னேன் அல்லவா, டிக்கெட் விலை தலைக்கு மேல் இருக்கிறது, ஆபீசிலும் இப்போது கொஞ்சம் ஏற்ற இறக்கம், கோடையில் பார்க்கலாம். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

லிங்கன் என்கிற ஊர் வழியாகத் திரும்பினால் ஏற்றம் அங்கேதான் அதிகம், பிறகு மறுபடி லெக்சிங்டன், வீடு. ஆர்லிங்டனில் ஜேசன் ரசல் என்பவர் வீடு இன்றும் இருக்கிறது. அதே 1775 ஏப்ரல் 19 மாலை பிரிட்டிஷ் சிப்பாய்கள் திரும்பி வரும்போது ஊரே ஓடியது, கால் ஊனமான அந்த மனிதர், அறுபதை நெருங்கிய வயதில், வீட்டை விட்டு வர மாட்டேன் என்று நின்று வாசலிலேயே செத்தார். குண்டு துளைத்த ஓட்டை இன்னும் சுவரில் தெரிகிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான், கோபப்படாதீர்கள்.

ஏனென்றால் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டை இடித்து பிளாட் கட்டலாம் என்று பில்டர் சொன்னதைச் சித்தப்பா ஒத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நான் உங்கள் பக்கம். பாப்பா சோழிங்கநல்லூர் பிளாட்டுக்கு வரச்சொல்வது அவள் நிம்மதிக்காக, அவளைத் திட்டாதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்கு மட்டும் போய் இருந்துவிட்டு வரலாம். எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும்:

மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும். தாத்தா பெயரிலிருந்து இன்று வரை வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மாப்பிள்ளை ஆன்லைனிலேயே எடுத்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் மண்ணில் பிரிபடாத பங்கு எத்தனை சதுரடி என்று எழுத்தில் இல்லாத காகிதத்தைத் தொடவே வேண்டாம். என் பங்குக்குப் பவர் வேண்டும் என்று சித்தப்பா கேட்டால், அது உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு இல்லை. இங்கே அத்தாட்சி வாங்கி அனுப்புவேன், அங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், உறையை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

தளத்தில் ஒழுகுவதை முழுதாகப் பிரிக்க வேண்டாம், மாடிப் படி ஓரம் மட்டும் இப்போதைக்கு அடைக்கச் சொல்லுங்கள். மீதிக்குப் பொங்கலுக்குள் அனுப்புகிறேன். இந்த மாதம் வழக்கமாக வருவது கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் கணக்கு மாற்றுகிறேன். மாடி டீச்சரிடம் வாடகையை இப்போது உயர்த்த வேண்டாம், நல்ல மனுஷி, ராத்திரி உங்களுக்கு ஏதாவது என்றால் முதலில் ஓடி வருகிறவர் அவர்தான்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பேங்க் வரிசையில் நிற்காதீர்கள், இப்போது போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வைத்து முடித்துவிடுகிறார், உங்கள் இடத்துக்கு வந்த பையனிடம் சொன்னால் போதும். கண் புரையைத் தள்ளிப் போடாதீர்கள், எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு போகாமல் மாப்பிள்ளையோடு போங்கள், அம்மாவுக்கு அங்கே நிற்க முடியாது.

அடுத்த ஞாயிறு உங்கள் நேரம் காலை ஒன்பதுக்குச் சித்தப்பா வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். நீங்களும் அங்கே இருங்கள், பாப்பாவையும் வரச் சொல்லுங்கள், பேசுவதை அவள் ஒரு நோட்டில் எழுதி உங்களிடம் காட்டட்டும். அதற்கு முன்னால் சித்தப்பா காகிதத்தோடு வந்தால் கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்