வேலியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

ஆடு, கோழிகளோடு காய்கறித் தோட்டம் அமைப்பது குறித்த தங்கள் கட்டுரை விதை, உரம், பாசனம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, வேலியை ஒரே வரியில் முடித்துவிட்டது. கால்நடை உள்ள பண்ணையில் வேலியை முடித்த பிறகே விதையைத் தொட வேண்டும். வெள்ளாடு முன்னங்கால்களை வலையில் ஊன்றி எழும். 4 அடிக்குக் குறைந்த வேலியும் தொய்ந்த வலையும் அதற்கு ஏணிதான். வலைக்கண் அரையடிச் சதுரமாக இருந்தால், கொம்புள்ள ஆடு தலையை நுழைத்துவிட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். வேலியை ஒட்டி 3 அடிக்குள் நட்டதெல்லாம் ஆட்டுக்குத்தான். அழகுக்கு அங்கே நச்சுச் செடியான அரளியை வைத்தால் ஆடே செத்துப்போகும். கோழியோ தின்பதைவிடக் கிளறிக் கெடுப்பதே அதிகம். நாற்று வேரூன்றும் வரை பாத்தியைக் கம்பிவலையால் மூடி, ஓரங்களைக் கல் வைத்து அழுத்த வேண்டும்.

வேலி உறுதியாக இருந்தும் பயிர் பறிபோவது பெரும்பாலும் படல் என்னும் வேலிக் கதவு வழியாகத்தான் என்பது அனுபவத்தில் கண்டது. வெறும் கொக்கியை ஆடு உதட்டால் நெம்பியே திறந்துவிடும். கூடவே ஒரு சங்கிலியும் தேவை. வேலியின் உயரம், வலைக்கண் அளவு, கம்ப இடைவெளி ஆகியவற்றைக் கால்நடை வாரியாக அட்டவணையிட்டு அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.